மருந்து அடிக்காமல் பூச்சியை அடக்க முடியுமா? பெங்களூரு மாடித்தோட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

செம்பருத்தியில் மாவு அப்பியிருக்கிறது, அவரைக் கொடியின் நுனியில் சாறு உறிஞ்சும் கறுப்பு அசுவினிப் பூச்சி மொய்க்கிறது, தண்ணீர் டிரம்மில் கொசுப்புழு நெளிகிறது. அல்சூர் முதல் ராமமூர்த்தி நகர் வரை, மாடியில் தொட்டி வைத்திருக்கும் நம்மவர்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. உடனே அடுத்த கேள்வியும் வந்துவிடும்: “என்ன மருந்து அடிக்கலாம்?” அடிக்க வேண்டாம், பூச்சியைத் தின்னும் பூச்சிகள் உங்கள் மாடியிலேயே இருக்கின்றன என்று நான் சொல்வேன். அதற்கு மேல் எழும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இயற்கை எதிரிகள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

பிடித்துத் தின்பவை ஒரு வகை: பொறிவண்டு, கும்பிடுபூச்சி, சிலந்தி, தட்டான், பல்லி. இவற்றை இரைவிழுங்கிகள் என்பார்கள். இன்னொரு வகை, பூச்சியின் உடலிலோ முட்டையிலோ தன் முட்டையை இட்டு, உள்ளிருந்தே அதைத் தின்று முடிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள். பெரும்பாலானவை கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறியவை, மனிதரைக் கொட்டாதவை. மூன்றாவது, பூச்சிக்கு நோய் உண்டாக்கும் பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ்.

வயல்வெளிக்குச் சரி. இந்தக் கான்கிரீட் ஊரில் நடக்குமா?

இந்தியாவில் இந்த வேலையின் தலைநகரமே பெங்களூருதான். உலக அளவில் இயங்கிய காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இந்திய நிலையம் 1957இல் இங்கே தொடங்கப்பட்டது. இன்று பெல்லாரி சாலையில், ஹெப்பாளில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் அந்த மரபின் தொடர்ச்சி. ஏர்போர்ட் பஸ்ஸில் அந்தச் சாலையில் போகும் பலருக்கு அங்கே என்ன நடக்கிறது என்று தெரிவதில்லை.

அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் கண்ணில் பட்டது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி; இங்கே அதை அடக்கும் எதிரி இல்லை. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று கிடைத்ததிலெல்லாம் ஏறியது. உடல் முழுக்க மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து அதன் மேல் ஒட்டவில்லை. கொங்கு மண்டலத்தில் விவசாயிகள் பப்பாளித் தோப்புகளை வெட்டிப்போட்டார்கள். மல்பெரி கெட்டதால் பட்டுப்புழு வளர்த்தவர்களும் திண்டாடினார்கள். 2010இல் பெங்களூரு நிறுவனம் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்துச் சோதித்துப் பெருக்கி, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களுக்குக் கொடுத்தது. அவற்றில் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத குளவிதான் வேலையை முடித்தது. விட்ட சில மாதங்களிலேயே பூச்சி அடங்கியது. அதன் பிறகு அந்தக் குளவி தானாகப் பரவி நிலைத்துவிட்டது. நம் தெருவோரப் பப்பாளி மரம் இன்று வெள்ளை அப்பாமல் நிற்கிறது என்றால் அதற்குக் காரணம் இதுதான். யாரும் அதற்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நகரத்துக்கே உரிய சாதகம் ஒன்றும் உண்டு. வயலில் அறுவடை முடிந்தால் எல்லாம் வெறுமையாகிவிடும். நகரத்தில் வேலி, பூங்கா, சாலையோர மரம், மாடித்தொட்டி என்று ஆண்டு முழுக்க ஏதாவது பச்சை இருந்துகொண்டே இருக்கும். எதிரிப் பூச்சிக்கு ஒதுங்க இடம் கிடைக்கும்.

நல்ல பூச்சி எது, கெட்ட பூச்சி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதில்தான் அதிகமான உயிர்கள் அநியாயமாகப் போகின்றன. பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும். அதன் புழுவைத் தெரிந்தவர்கள் குறைவு. அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே கறுப்பாக, முதுகில் ஆரஞ்சுத் திட்டுகளோடு, குட்டி முதலை போல ஊர்ந்துகொண்டிருப்பது அதுதான். பார்க்க முரடாக இருப்பதால் முதலில் நசுக்கப்படுவதும் அதுவே. வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். இலையின் அடியில் மஞ்சள் நிறத்தில் நெட்டாக நிற்கும் முட்டைக் கொத்தைப் பார்த்தால் தொடாதீர்கள்.

அதைவிடக் குழப்பமானது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்னும் இந்தப் புழுவின் உடலிலும் வெள்ளை மெழுகு இழைகள் தொங்கும். மாவுப்பூச்சியின் நடுவில் உட்கார்ந்தால் எது எது என்று தெரியாது. ஒரு ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி இருந்த இடத்திலேயே கிடக்கும், அல்லது சோம்பலாக நகரும். இந்தப் புழு விறுவிறுவென்று நடக்கும். அளவிலும் பெரியது, முழுதாக வளர்ந்தால் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். தாய் வண்டு கருமையாக, தலையும் பின்நுனியும் மட்டும் ஆரஞ்சாக இருக்கும். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898இல் காப்பித் தோட்டத்துப் பச்சைச் செதில் பூச்சிக்காகக் கொண்டுவந்தார்கள். அந்த வேலை நடக்கவில்லை. ஆனால் மாவுப்பூச்சியைத் தின்று இங்கேயே தங்கிவிட்டது.

அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, பழுப்பு நிறமாகி, விறைத்து அசையாமல் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்பக்கம் வட்டமாக ஒரு துளை. உள்ளே வளர்ந்த குளவி வெளியே போன வழி அது. துளை இல்லாமல் உப்பியிருந்தால் குளவி இன்னும் உள்ளே இருக்கிறது. இப்படி நாலைந்தைப் பார்த்துவிட்டாலே போதும், அந்தச் செடியை விட்டுவிடுங்கள், குளவிகள் பார்த்துக்கொள்ளும்.

தேனீயின் சாயலில் பூவின் முன் காற்றில் அசையாமல் நிற்கும் ஒரு ஈ உண்டு. அது கொட்டாது. அதன் புழுவுக்குக் காலே கிடையாது. பச்சையாக, வழவழப்பாக, அசுவினிக் கூட்டத்திலேயே கிடந்து ஒவ்வொன்றாக உறிஞ்சும். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டையோ தனி அழகு. மெல்லிய இழையின் நுனியில் ஒவ்வொன்றாக இலையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். பூஞ்சை என்று துடைத்துவிடாதீர்கள்.

மருந்து அடித்தால் ஒரு வாரம் சுத்தமாக இருக்கிறது. பிறகு முன்பைவிட அதிகமாக வருகிறதே, ஏன்?

ஏனென்றால் அடித்த மருந்து இரண்டு தரப்பையும் கொன்றது. இலை மடிப்பில், மெழுகுக்கு அடியில், முட்டையாக இருந்த பூச்சிகள் கொஞ்சம் தப்பித்தன. அசுவினிக்கு இனப்பெருக்கத்துக்கு ஆணே வேண்டாம். நேராகக் குட்டியே போடும். சில நாட்களில் பழைய எண்ணிக்கைக்கு வந்துவிடும். பொறிவண்டோ வெளியிலிருந்து பறந்து வந்து, முட்டையிட்டு, புழு வளர்ந்து தலையெடுக்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நீங்கள் இரண்டாவது முறை அடித்துவிடுகிறீர்கள். ரோஜாவில் சிவப்புச் சிலந்திப்பேன் பெருகுவதற்கும் பல வீடுகளில் இதுதான் காரணம்: அதைத் தின்னும் பூச்சிகளும் பேன்களும் மருந்தில் போய்விட்டன.

ஆகவே முதல் வேலை, நிறுத்துவது. அதற்கு அடுத்தது, கொஞ்சம் பூச்சி இருந்தால் பொறுத்துக்கொள்வது. பூச்சியே இல்லாத மாடியில் பொறிவண்டு எதைத் தின்று உயிர் வாழும்? அவரை நுனி ஒன்றிரண்டில் அசுவினி இருக்கட்டும்.

பெங்களூரு குளிரை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். டிசம்பர், ஜனவரியில், சரியாக அவரைப் பருவத்தில், குளிர் அசுவினிக்குத் தோதாகவும் அதைத் தின்பவைக்குச் சோம்பலாகவும் அமைந்துவிடுகிறது. அந்த இரண்டு மாதம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடுங்கள். கீழே விழுந்த அசுவினிகளில் பெரும்பாலானவை திரும்பி ஏறுவதில்லை. பிப்ரவரியில் வெயில் ஏறியதும் வண்டுகள் சுறுசுறுப்பாகிவிடும்.

எறும்புகள் செடியில் ஏறுகின்றன. அவை பூச்சியைத் தின்னத்தானே வருகின்றன?

இல்லை, காவல் காக்க வருகின்றன. அசுவினியும் மாவுப்பூச்சியும் கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அவற்றைப் பாதுகாக்கும். பொறிவண்டுப் புழுவைக் கடித்துத் துரத்தும், குளவியை முட்டையிட விடாது. இதைச் சரிசெய்யாமல் வேறு எதைச் செய்தாலும் பலன் பாதிதான். செடியின் அடித்தண்டில் துணியோ டேப்போ சுற்றி அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் நேராகத் தண்டில் படக்கூடாது. தொட்டியின் கால்களைத் தண்ணீர்த் தட்டில் வைக்கலாம் என்பார்கள்; அந்தத் தட்டில் கொசு வளரும், வேண்டாம். கிளை சுவரைத் தொட்டால் எறும்பு அந்த வழியாக வரும், அதையும் வெட்டிவிடுங்கள். எங்கள் வீட்டுச் செம்பருத்திக்கு நான் செய்தது இது ஒன்றுதான். எறும்பு நின்ற பிறகு வண்டுகள் தாமாகவே வந்தன.

வேப்பெண்ணெய் அடிக்கலாம் அல்லவா? இயற்கைதானே?

மற்றவற்றைவிடத் தேவலை. ஆனால் சோப்புக் கரைசலோடு கலந்து செடி முழுக்க நனைத்தால் மேலே படும் பொறிவண்டுப் புழுவும் சாகும். பூச்சி அப்பிய கிளைக்கு மட்டும், மாலையில், முதலில் நல்ல பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள். மண்ணில் ஊற்றும், செடிக்குள்ளேயே பரவும் மருந்துகளைப் பூச்செடிக்குப் போடவே வேண்டாம். அவை தேனிலும் மகரந்தத்திலும் வந்து சேரும்.

பொறிவண்டை, குளவி அட்டையை விலைக்கு வாங்கி விடலாமா?

ட்ரைக்கோகிராமா என்ற ஒட்டுண்ணிக் குளவியின் அட்டையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒட்டுண்ணி ஏறிய அரிசி அந்துப்பூச்சி முட்டைகளை அட்டையில் ஒட்டித் தருவார்கள். ஓர் அட்டையில் சுமார் 20,000 முட்டைகள் இருக்கும். கரும்பு, தக்காளி வயலுக்கு அருமையான பொருள். ஆனால் அந்தக் குளவி அந்துப்பூச்சியின் முட்டையைத்தான் தேடும். உங்கள் தொல்லை அசுவினி என்றால் அதற்கு அங்கே வேலையே இல்லை. பத்துத் தொட்டிக்கு ஓர் அட்டை வாங்குவது வீண்.

மாவுப்பூச்சி கடுமையாக இருக்கும் கொய்யா, எலுமிச்சை மரம் இருந்தால் கிரிப்டோலீமஸ் வண்டு நல்ல பலன் தரும். மரத்துக்குப் பத்து வண்டு என்பது வழக்கமான பரிந்துரை. விடும் முன் சில வாரங்களாவது மருந்து எதுவும் பட்டிருக்கக் கூடாது, எறும்பை நிறுத்தியிருக்க வேண்டும், மாலை வேளையில் விட வேண்டும். மாவுப்பூச்சி கொஞ்சமே இருந்தால் வண்டு பறந்து பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். அதனால் விலை கொடுத்து வாங்குவதைக் கடைசி வழியாகவே சொல்வேன்.

அப்படியானால் அவற்றை வரவழைக்க என்ன நட வேண்டும்?

சின்னச் சின்னப் பூ. குளவிக்கும் அந்தரத்தில் நிற்கும் ஈக்கும் வாய் சிறியது. பெரிய ரோஜாவால் பயனில்லை. பெங்களூரு கீரைக் கடைகளில் சப்பசிகெ என்று கட்டுக் கட்டாக விற்கிறார்களே, அந்தச் சதகுப்பையை ஒரு தொட்டியில் விதைத்துப் பூக்க விடுங்கள். கொத்தமல்லி, சோம்பு, கடுகு, துளசியும் அப்படியே. ஓரத்தில் இரண்டு தட்டைப்பயறுச் செடி. அதில் வரும் அசுவினி பொறிவண்டுக்கான சாப்பாடு. அதற்கு மருந்து கிடையாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

காம்பவுண்டுத் தென்னையில் வெள்ளை ஈ. கார் மேலெல்லாம் பிசுபிசுப்பு, இலையெல்லாம் கறுப்பு. மரத்துக்கு மருந்து அடிக்க ஆள் வரச் சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம். இது சுருள் வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டித் தென்னிந்தியா முழுக்கப் பரவியது. இதற்கு என்கார்சியா குவாடலூப்பே என்ற குளவி ஏற்கெனவே இங்கே இருக்கிறது. பழைய வெள்ளை ஈ ஒன்றைத் தொடர்ந்து தற்செயலாக வந்து சேர்ந்தது அது. ஓலையின் அடியில் வெள்ளை ஈயின் கூட்டுப்புழுக்கள் கறுத்து, வட்டத் துளையோடு இருந்தால் குளவி வேலையில் இருக்கிறது. அத்தகைய ஓலைத்துண்டைக் குளவி இல்லாத மரத்தில் கட்டிவிடலாம். ரசாயன மருந்து அடிக்க வேண்டாம் என்பதுதான் விஞ்ஞானிகளின் பரிந்துரையும். ஓலை கறுப்பது, ஈ கழிக்கும் இனிப்பில் வளரும் பூஞ்சை. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலும் நல்ல மழையிலும் போய்விடும்.

கொசுவுக்கு மீன் விட்டால் போதுமா?

எங்கே விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த தண்ணீரில் முட்டையிடும். முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். காவிரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் தெருக்களில் எல்லோரும் சம்ப்பிலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிறோம். மூடி இல்லாத பெரிய தொட்டி, அலங்காரக் குளம், கைவிட்ட கிணறு ஆகியவற்றில் கப்பி மீன் நன்றாக வேலை செய்யும். கர்நாடகத்தின் கிராமக் கிணறுகளில் மலேரியாவுக்கு எதிராக அதை விட்டுப் பலன் கண்டிருக்கிறார்கள். பூந்தொட்டியின் அடித்தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் மீன் விட முடியாது. ஏடிஸ் அங்கேதான் அதிகம். வாரம் ஒருமுறை கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். 2024இல் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்து, கொசு வளர இடம் கொடுப்பவர்களுக்கு அபராதமும் வைத்தது. அபராதத்துக்கு அஞ்சியாவது மாடியைச் சுற்றிப் பாருங்கள்.

ஏரியில் மீனைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். கம்பூசியா என்ற கொசுப்புழு தின்னும் மீனை 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கொசுப்புழுவோடு தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் உள்நாட்டு மீன் குஞ்சையும் அது தின்றது. உலகின் மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களில் அதுவும் ஒன்று. கப்பியும் வெளிநாட்டு மீன்தான். நம் நீர்நிலைகளில் நெற்றியில் வெள்ளைப் புள்ளி மின்னும் உள்நாட்டுச் சிறுமீன் இருக்கிறது. கொசுப்புழுவை அது நன்றாகவே தின்னும்.

மீன் விட முடியாத தேங்கிய நீருக்கு பிடிஐ என்ற பாக்டீரியா மருந்து உண்டு. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டுபிடித்தது. கொசுப்புழு அதைத் தின்றால் குடல் கெட்டுச் சாகும். மீன், தட்டான், நாய், மனிதர் யாருக்கும் ஒன்றுமில்லை. புதுச்சேரியில் உள்ள மத்திய அரசின் நோய்க் கடத்திகள் ஆராய்ச்சி மையமும் தனக்கென ஒரு பிடிஐ ரகத்தை உருவாக்கியிருக்கிறது.

சாக்கடை கலந்த ஏரி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தட்டானின் இளம்புழு நீருக்கடியில் இருந்து கொசுப்புழுவை வேட்டையாடும். ஆனால் அதற்குச் சுத்தமான, காற்றோட்டமுள்ள நீர் வேண்டும். கழிவுநீரில் அது செத்துவிடும். க்யூலெக்ஸ் கொசுப்புழு மட்டும் செழிக்கும். இந்த ஊரின் ஏரிகளில் கழிவைக் கலந்து கொசுவின் எதிரிகளைக் கொன்றவர்கள் நாம்தான். ஏரியைக் காப்பாற்றாமல் புகை மட்டும் அடிப்பதில் பயனில்லை. புகை அந்த நேரத்தில் பறக்கும் கொசுவைக் கொல்லும். நீரில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது.

வீட்டுக்குள் வரும் பல்லி, சிலந்தி?

இருக்கட்டும். இன்னொன்றையும் அறிமுகப்படுத்துகிறேன். குளியலறை ஜன்னலில் ஒரு கறுப்புக் குளவி, வயிறு மிகச் சிறியதாக, அதை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் எவானியா. கரப்பான் பூச்சியின் முட்டைப் பையைத் தேடிப்பிடித்து, அதற்குள் ஒரே ஒரு முட்டை இடும். பொரித்து வரும் புழு பையில் உள்ள கரப்பான் முட்டைகள் அனைத்தையும் தின்றுவிடும். உங்களைக் கொட்டுவதில் அதற்கு அக்கறை இல்லை. அதைச் செருப்பால் அடிக்காதீர்கள்.

ஜன்னலில் குளவிக் கூடு. பயமாக இருக்கிறது.

எந்தக் குளவி என்று பாருங்கள். மண்ணால் கட்டியிருந்தால் பயமே வேண்டாம். மண்குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அதை இடிக்க விடமாட்டார்கள்; அந்தக் கூட்டுக்குள் மயக்கிப் போட்ட கம்பளிப்புழுவோ சிலந்தியோதான் இருக்கும். கைப்பிடி அளவுள்ள சிறிய தாள் கூடு என்றால் ரோபலிடியா வகையாக இருக்கலாம். இங்கே இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடகர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த குளவி அது. தொந்தரவு செய்யாதவரை ஒதுங்கிப் போகும்; தன் புழுக்களுக்குச் செடியிலிருந்து புழு பிடித்துக் கொண்டுபோகும். ஆள் புழங்காத மூலையில் இருந்தால் விட்டுவிடுங்கள். கதண்டுக் கூடு என்றால் நிலைமை வேறு. அதன் அருகே போகாமல், பழகிய ஆட்களை அழையுங்கள்.

வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டுவந்து விடுவது ஆபத்தில்லையா?

யோசிக்காமல் செய்தால் ஆபத்துதான். 1935இல் ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டுக்காக விட்ட தேரை இன்றுவரை அந்த நாட்டுக்குத் தலைவலி. கண்டதையெல்லாம் தின்னும் விலங்கைக் கொண்டுவரக் கூடாது என்பதே அதில் கற்ற பாடம். அதனால்தான் இன்று ஒரே ஒரு இரையை மட்டும் நாடும் பூச்சியைத் தேர்ந்தெடுத்து, பூட்டிய தனிமை ஆய்வகத்தில் சோதித்த பிறகே வெளியே விடுகிறார்கள். பார்த்தீனியம் என்ற களைச்செடிக்காக மெக்சிகோ வண்டை 1984இல் இதே பெங்களூரில் விட்டார்கள். அது சூரியகாந்தியைத் தின்கிறது என்று பின்னால் பெரும் சர்ச்சை எழுந்து, தனியாக ஆராய்ந்தும் பார்த்தார்கள். பயிருக்குப் பெரிய சேதம் இல்லை என்று தெரிந்தது. மழைக்காலத்தில் காலி மனைகளில் பார்த்தீனிய இலையைச் சல்லடையாக்கியிருக்கும் வரிவண்டு அதுதான். நீங்கள் செய்யக்கூடாதது, இணையத்தில் யாரோ விற்கும் பூச்சியையும் மீனையும் வாங்கி வெளியே விடுவது.

எதற்கெல்லாம் இந்த வழி உதவாது?

கரையான், மூட்டைப்பூச்சி. சமையலறை அலமாரியில் பெருகும் சின்னக் கரப்பானுக்கும் எவானியா போதாது. ஜெல் பொட்டு வையுங்கள், ஸ்ப்ரே வேண்டாம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் தட்டானை நம்பிக் காத்திருக்காமல் கொசுவலை கட்டுங்கள்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் மாதாமாதம் காண்டிராக்ட் ஆள் வந்து எல்லாச் செடிக்கும் அடிக்கிறார். நான் ஒருவர் நிறுத்தி என்ன பயன்?

பயன் உண்டு, ஆனால் பாதிதான். ஆறாவது மாடியில் அடிக்கும் மருந்து ஐந்தாவது மாடிப் பொறிவண்டின் மேல் விழும். அசோசியேஷனில் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னால் சண்டை வரும். தேதி வைத்து அடிக்காமல், பூச்சி இருக்கும் செடியைப் பார்த்த பிறகே அடிக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு பகுதித் தோட்டத்தை மட்டும் மூன்று மாதம் விட்டுப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். செலவும் குறையும் என்பதால் பொருளாளர் உங்கள் பக்கம் வருவார். தோட்டக்காரரிடம் நீங்களே நேரில் பேசுங்கள். “ஔஷதி ஹொடீபேடி” (மருந்து அடிக்காதீர்கள்) என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனால் மறுநாள் மறந்துவிடுவார். பொறிவண்டுப் புழுவை அவருக்கு ஒருமுறை விரலால் சுட்டிக்காட்டுங்கள், லென்ஸைக் கையில் கொடுங்கள். இதை ஆரம்பிக்க ஏற்ற காலம் பிப்ரவரி கடைசி. வண்டுகளும் பெருகும், முதல் மாதத்திலேயே ஆட்களுக்குக் காட்ட ஏதாவது இருக்கும்.